எவ்வளவு எழுதுவது, யார் எழுதுவது: பணி அறிவுறுத்தல் பற்றிய நூறாண்டு விவாதம்

ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை எந்த அளவுக்கு எழுத்தில் வைக்கலாம்? தர மேலாண்மை அமைப்பு நடத்தும் தொழிற்சாலைகளில் இந்தக் கேள்வி ஓய்வதே இல்லை. வாடிக்கையாளர் ஆடிட் வருகிறது என்றால் எந்திரத்தின் பக்கத்தில் தொங்கும் லேமினேட் தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டுவார்கள். பழையதைவிடப் புதியதில் வரிகள் கூடியிருக்கும். இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று ஒரு தரப்பு முணுமுணுக்கும். இன்னும் விவரமாக எழுதியிருந்தால் போன மாத ரிஜெக்‌ஷன் வந்திருக்காது என்று மறுதரப்பு சொல்லும்.

இரண்டுமே பழைய குரல்கள். தொழிற்பொறியியல், பயிற்சிமுறை, மெய்யியல், விபத்து ஆய்வு, மருத்துவம் எனப் பல துறைகள் தத்தம் வழியில் இக்கேள்விக்கு விடை சொல்லியிருக்கின்றன. விவாதம் பெரும்பாலும் எழுத்தின் அளவைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் அந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், பேனா யார் கையில் இருக்கிறது என்பதும், காரணம் எழுதப்படுகிறதா என்பதும் அளவைவிடக் கூடுதலாகத் தீர்மானிப்பதாகத் தோன்றுகிறது.

டெய்லரின் அட்டை

நவீனப் பணி அறிவுறுத்தலின் தொடக்கத்தை ஃபிரெடரிக் டெய்லரிடம் வைப்பது வழக்கம். 1903-இல் வந்த ‘ஷாப் மேனேஜ்மென்ட்’, 1911-இல் வந்த ‘அறிவியல் மேலாண்மைக் கோட்பாடுகள்’ ஆகிய இரண்டிலும் அவர் முன்வைத்த ஏற்பாடு இதுதான்: வேலையைத் திட்டமிடுவது ஒரு தனி அறையின் பொறுப்பு, செய்வது தளத்தின் பொறுப்பு. ஒற்றை மேஸ்திரிக்குப் பதில் எட்டுப் பேர் எட்டு வகைப் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர்களில் ஒருவருக்கு அறிவுறுத்தல் அட்டை எழுதுவதே வேலை. எந்தக் கருவி, எந்த வேகம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அந்த அட்டையில் இருக்கும். தொழிலாளி அதன்படி செய்ய வேண்டும்.

இந்த விடையின் வலிமையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அதுவரை ஒவ்வொரு பட்டறையிலும் வேலை நுணுக்கம் அனுபவசாலியின் கையோடு வந்து கையோடு போயிற்று. அதை வெளியே எடுத்து, அளந்து, அடுத்தவருக்குக் கொடுக்க முடியும் என்று காட்டியது டெய்லரின் பங்களிப்பு. செங்கல் அடுக்கும் வேலையில் வழக்கமாக இருந்த 18 அசைவுகளைச் சுமார் ஐந்தாகக் குறைத்த ஃபிராங்க் கில்பிரெத் இதே திசையில் நடந்தவர்.

பலவீனங்களும் சீக்கிரமே தெரிந்தன. 1911-இல் அமெரிக்க ராணுவத்தின் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் ஸ்டாப் வாட்சை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. விவகாரம் நாடாளுமன்ற விசாரணை வரை போனது. பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒரு தொழிலாளி நாளுக்கு 12.5 டன்னுக்குப் பதில் 47 டன் இரும்புப் பாளம் சுமந்த கதையை டெய்லர் தன் முறைக்குச் சான்றாகச் சொன்னார். அந்தக் கதையின் பல விவரங்கள் ஆவணங்களோடு பொருந்தவில்லை என்று 1974-இல் வரலாற்றாய்வாளர்கள் ரெகேயும் பெரோனியும் காட்டினார்கள். அதே ஆண்டில் வந்த ஹாரி பிரேவர்மேனின் நூல், அட்டையின் நோக்கமே தொழிலாளியின் அறிவைப் பறித்து நிர்வாகத்திடம் சேர்ப்பதுதான் என்று வாதிட்டது. பிரேவர்மேன் மிகையாகச் சொல்கிறார் என்று கருத இடமுண்டு. தொழிலாளி மேலான முறை ஒன்றைச் சொன்னால் அதைச் சோதித்துத் தரமுறையாக்க வேண்டும், அவருக்குப் பரிசும் தர வேண்டும் என்று டெய்லரே எழுதியிருக்கிறார். நடைமுறையில் திட்ட அறைக்குள் தொழிலாளியின் குரல் எவ்வளவு போனது என்பது வேறு விஷயம்.

முக்கியப் புள்ளி என்ற கண்டுபிடிப்பு

இரண்டாவது விடை போர்க்கால நெருக்கடியில் பிறந்தது. 1940-இல் அமெரிக்க அரசு டி.டபிள்யூ.ஐ. என்ற தொழிலகப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. 1945-இல் அது மூடப்படுவதற்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். அதன் ஒரு பிரிவு, புதியவருக்கு வேலை சொல்லித்தருவது எப்படி என்பதை மேற்பார்வையாளர்களுக்குக் கற்பித்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக சார்லஸ் ஆலன் வகுத்த நான்கு படி முறையே இதற்கு அடிப்படை.

அவர்கள் பயன்படுத்திய தாளில் இரண்டே பத்திகள்: முக்கியப் படி, முக்கியப் புள்ளி. வேலையைக் கெடுக்கக்கூடியது, ஆளைக் காயப்படுத்தக்கூடியது, வேலையை எளிதாக்கும் கைநுட்பம், இவை மட்டுமே புள்ளிகளாக எழுதப்படும். ‘ஏன்’ என்ற மூன்றாவது பத்தி பிற்காலத்தில் சேர்ந்தது.

இதை ஓர் எடுத்துக்காட்டில் கிட்டப் போய்ப் பார்க்கலாம். சிஎன்சி லேத்தில் 25 மி.மீ. விட்டமுள்ள தண்டு ஒன்றைக் கடைகிறார்கள். பேரிங் உட்காரும் இடம், ‘எச்6’ அனுமதி. அதாவது 25.000-க்கு மேல் போகக் கூடாது, 24.987-க்குக் கீழே இறங்கக் கூடாது. மொத்தம் 13 மைக்ரான். பல ஆலைகளில் இதற்கான தாள் இப்படி இருக்கும்: ‘ஜாபைச் சரியாகப் பொருத்தவும். எந்திரத்தை இயக்கவும். அளவு சரிபார்க்கவும்.’ மூன்று வரியிலும் பிழை இல்லை, பயனும் இல்லை. சக் ஜாவின் முகத்தில் ஒரு சில்லு ஒட்டியிருந்தால் ஜாப் சாய்ந்து உட்காரும். ஆகவே முதல் படிக்கு எதிரே ‘ஜா முகத்தை ஏர் கன்னால் ஊதி, விரலால் தடவிப் பார்’ என்ற புள்ளி வேண்டும்.

அளக்கும் படியில் இன்னும் நுட்பமான சிக்கல் இருக்கிறது. வெட்டி முடித்த கையோடு ஜாபை எடுத்தால் அது சூடாக இருக்கும். 20 டிகிரி கூடுதல் சூட்டில் 25 மி.மீ. எஃகு ஏறக்குறைய 6 மைக்ரான் பெருத்திருக்கும். மொத்த அனுமதியில் கிட்டத்தட்டப் பாதி அதிலேயே போய்விடுகிறது. சூட்டோடு 24.990 காட்டிய ஜாப் ஆறியதும் 24.984-க்கு இறங்கிவிடும். ஆபரேட்டர் சரியாகத்தான் அளந்தார், சரியாகத்தான் பாஸ் செய்தார். ஆனால் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது ரிஜெக்ட். ‘ஆறிய பிறகு அள, சூட்டில் அளவு கூடிக் காட்டும்’ என்ற ஒரு வரி இதைத் தடுத்திருக்கும். அந்த வரியின் பின்பாதி தாளில் இல்லாவிட்டால், உற்பத்தி இலக்கு நெருக்கும் ஷிஃப்டில் முன்பாதியையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இந்த விடையிலும் ஒரு வரம்பு இருந்தது. டி.டபிள்யூ.ஐ. தாள் சொல்லித்தருபவரின் கையேடாகத்தான் வகுக்கப்பட்டது. கற்பவர் கையில் கொடுத்துவிட்டுப் போவதற்கு அல்ல. பக்கத்தில் நின்று காட்டும் ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார் என்று அது நம்பியது. பிற்காலத்தில் அந்த ஆள் பல இடங்களில் இல்லாமல் போனார், தாள் மட்டும் மிஞ்சியது.

டொயோட்டாவும் ஃப்ரீமான்ட்டும்

போருக்குப் பின் இந்தப் பயிற்சி ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய தரப்படுத்திய பணியில் இதன் சாயல் உண்டு. சுழற்சி நேரம், வேலை வரிசை, கையிருப்பின் அளவு என மூன்றையும் ஒரே தாளில் காட்டுவது அம்முறை. அந்தத் தாளைத் தளத்தில் இருப்பவர்களே எழுத வேண்டும் என்று ஓனோ வலியுறுத்தினார். எழுதியது அப்படியே நீண்டகாலம் மாறாமல் கிடந்தால் அங்கே வேலை மேம்படவில்லை என்று அவர் எடுத்துக்கொள்வார். டெய்லரின் அட்டையில் மாற்றம் விதிவிலக்கு. இங்கே அதுவே எதிர்பார்ப்பு.

அமெரிக்க மண்ணில் இதைச் சோதித்த இடம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை 1984-இல் டொயோட்டாவோடு சேர்ந்து மீண்டும் திறந்தார்கள். வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே ஆலையின் பழைய தொழிலாளர்கள். தொழிலாளர் குழுக்களே ஸ்டாப் வாட்ச் பிடித்து, ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, அறிவுறுத்தலை எழுதின. இதை ஆராய்ந்த பால் ஆட்லர், டெய்லரின் கருவிகளே வேறொருவர் கையில் வேறு விளைவைத் தரக்கூடும் என்று 1993-இல் எழுதினார். மூன்றாண்டுகள் கழித்து பிரையன் போரிஸோடு சேர்ந்து, விதிகளைக் கை கொடுப்பவை, கையைக் கட்டுபவை என இரண்டாகப் பிரித்தார்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. மைக் பார்க்கரும் ஜேன் ஸ்லாட்டரும் 1988-இலேயே இதை ‘நெருக்கடியால் நடத்தும் நிர்வாகம்’ என்று விமர்சித்திருந்தார்கள். தொழிலாளி தன் மூச்சுவிடும் நேரத்தைத் தானே கத்தரித்துக் கொடுக்கும் ஏற்பாடு என்பது அவர்கள் கட்சி. மிச்சமாகும் நொடிகள் யாருக்குப் போகின்றன என்பதைப் பொறுத்துத்தான் இரண்டில் எது சரி என்று சொல்ல முடியும். அதைத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

ஆடிட்டர் என்ற இன்னொரு வாசகர்

1959-இன் அமெரிக்க ராணுவத் தர விவரக்குறிப்பு எம்ஐஎல்-க்யூ-9858, 1979-இன் பிரிட்டிஷ் தரம் பிஎஸ் 5750, 1987-இல் முதன்முதலாக வந்த ஐஎஸ்ஓ 9001 ஆகியவை ஒரு புதிய தேவையைக் கொண்டுவந்தன. எங்கோ இருந்து வாங்குபவருக்கு, ஆலைக்குள் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பிக்கை வர வேண்டும். அதற்குச் சான்று எழுத்துதான். அதுமுதல் பணி அறிவுறுத்தலுக்கு இரண்டு வாசகர்கள்: எந்திரத்தில் நிற்பவர், ஃபைலோடு வருபவர். முன்னவருக்கு வேண்டியது சில வரிகள். பின்னவருக்கு ஆவண எண், திருத்த எண், கையெழுத்து, தேதி எல்லாம் வேண்டும். இருவரையும் ஒரே தாளில் திருப்திப்படுத்தப் பார்த்ததன் விளைவைப் பல ஆலைச் சுவர்களில் காணலாம்.

தரக் கையேடு மேலே, நடைமுறைகள் நடுவே, பணி அறிவுறுத்தல்கள் கீழே என்று ஆவணப் பிரமிடு எழுப்பப்பட்ட காலம் அது. பிரிட்டன் ஆலோசகர் ஜான் செடன் போன்றவர்கள் 1990-களில் இதைக் கடுமையாகத் தாக்கினார்கள். தரம் ஏவலுக்குக் கீழ்ப்படிவதாகச் சுருங்கிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

இதில் தரநூலைவிட அதற்கு எழுந்த உரைகளே கூடுதல் குற்றவாளிகள் என்று வாதிடலாம். 1994 பதிப்பே, எழுதப்பட்ட நடைமுறை இல்லாதது தரத்தைப் பாதிக்கும் இடத்தில்தான் அதைக் கேட்டது. 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு கட்டாய நடைமுறைகளை ஆறாகக் குறைத்தது. 2008-இல் பணி அறிவுறுத்தல் ‘தேவைக்கேற்ப’ என்ற சொல்லோடுதான் வந்தது. 2015-இல் தரக் கையேடே கட்டாயமில்லை என்றாகி, எல்லாம் ‘ஆவணப்படுத்திய தகவல்’ என்ற பொதுப்பெயருக்குள் போயின. நிறுவனத்தின் அளவு, வேலையின் சிக்கல், ஆட்களின் திறன் ஆகியவற்றைப் பொறுத்து எழுத்தின் அளவு மாறும் என்று அந்தப் பதிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆக, எல்லாவற்றையும் எழுது என்று தரநூல் கேட்கவில்லை. கேட்பார்கள் என்ற பயம்தான் எழுத வைக்கிறது.

மருந்துத் தொழிலில் நிலைமை வேறு. அங்கே எழுத்து சட்டத் தேவை. அமெரிக்காவில் 1978 முதல் உள்ள விதிகளும், இந்தியாவில் 2023 டிசம்பரில் திருத்தி அறிவிக்கப்பட்ட எம் அட்டவணையும் எழுத்து நடைமுறையைக் கட்டாயமாக்குகின்றன. மாத்திரையின் உள்ளே இருப்பதை விழுங்குபவர் பார்க்க முடியாது என்பதால் இந்தக் கண்டிப்பு நியாயமானதே. வாகன உதிரிபாகத் தொழிலுக்கு அதை அப்படியே பெயர்த்துவிடலாமா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

எழுத்தில் அடங்காத மிச்சம்

இன்னொரு தரப்பு அடிப்படையையே கேள்விக்குள்ளாக்குகிறது. நமக்குத் தெரிந்தது நம்மால் சொல்ல முடிவதைவிட அதிகம் என்பது மைக்கேல் போலான்யி 1966-இல் வைத்த வாதம். சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974-இல் இதற்குக் களச் சான்று தந்தார். டிஇஏ என்ற ஒருவகை லேசரைக் கட்ட முயன்ற ஆய்வுக்கூடங்களை அவர் பார்த்தார். அச்சில் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவராலும் அதை இயங்க வைக்க முடியவில்லை. வெற்றி பெற்றவர்கள், ஏற்கெனவே கட்டியவர்களோடு பழகியவர்கள்.

பிரெஞ்சு மொழி வழங்கும் உலகில் ஓம்ப்ரதானும் ஃபாவெர்ழும் 1955-இலேயே, விதிக்கப்பட்ட வேலை ஒன்று, நடக்கும் வேலை வேறொன்று என்று பிரித்துக் காட்டியிருந்தார்கள். பின்னாளில் எரிக் ஹோல்னாகல் முதலிய பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பதையே போராட்ட வடிவமாகத் தொழிற்சங்கங்கள் பயன்படுத்துகின்றன என்பதை இவர்கள் விரும்பிச் சுட்டுவார்கள். விதிப்படி வேலை செய்தால் வேலை நின்றுபோகிறது என்றால், வழக்கமான நாளில் அதை ஓட்டுவது எழுதப்படாத ஏதோ ஒன்றுதான்.

இந்தத் தரப்பின் கவர்ச்சியே அதன் ஆபத்தும்கூட. ஜப்பானின் தோகாய்முரா அணு எரிபொருள் ஆலையில் 1999 செப்டம்பர் 30 அன்று நடந்தது இதற்கு உதாரணம். யுரேனியத்தைக் கரைக்க அனுமதிக்கப்பட்ட கலன் இருந்தும், நேரத்தை மிச்சப்படுத்த எஃகு வாளிகளைப் பயன்படுத்தும் வழக்கம் அங்கே வந்தது. ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரியாமல் நிறுவனம் அந்த வழக்கத்தையே தன் உள்கையேட்டில் ஏற்றிவிட்டது. விபத்து நாளில் தொழிலாளர்கள் அந்தக் கையேட்டையும் தாண்டினார்கள், 2.4 கிலோவுக்கு மேல் கூடாத தொட்டியில் சுமார் 16 கிலோ யுரேனியம் உள்ள கரைசலை ஊற்றினார்கள். தொடர்வினை தொடங்கியது. இருவர் இறந்தார்கள்.

நடக்கும் வேலையை எழுத்தாக்குவது எப்போதும் ஞானமாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. அதே நேரம், எல்லையைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை ஏன் போடப்பட்டது என்று ஒழுங்காகச் சொல்லித்தரப்படவே இல்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அங்கேயும் விடுபட்டது ‘ஏன்’ என்ற மூன்றாவது பத்திதான்.

மருத்துவமனை தரும் சான்று

தாள் உண்மையிலேயே விளைவை மாற்றுகிறதா என்று எண்களோடு பார்க்க வாய்ப்புத் தந்த துறை அறுவை மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலை, புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8-க்கு இறங்கியிருந்தது. ஐந்தாண்டு கழித்து கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளைப் பார்த்த ஆய்வில், பட்டியலுக்கு முன் 0.71, பின் 0.65. புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை.

ஒரே பட்டியலுக்கு ஏன் இப்படி இரு முடிவுகள்? முதல் ஆய்வில் குழுக்களுக்குப் பயிற்சி தந்து கூடவே இருந்தார்கள். ஒன்டாரியோவில் அது பெரும்பாலும் மேலிருந்து வந்த கட்டாயம் என்பது ஒரு விளக்கம். இறப்பு ஏற்கெனவே குறைவாக இருந்த இடத்தில் மேலும் குறைய இடமில்லை என்பது இன்னொன்று. முதல் ஆய்வின் முன்–பின் ஒப்பீட்டு முறையே பலவீனமானது என்போரும் உண்டு. மூன்றில் எதையும் எளிதில் தள்ள முடியாது. தொழிற்சாலைப் பணி அறிவுறுத்தலுக்கு இந்த அளவு கவனமான ஒப்பீடு அரிது என்பதால், அங்கே நடக்கும் வாதங்களை இன்னும் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எந்த மொழியில்

வாகனத் தொழிலின் ஐஏடிஎஃப் 16949 தரநூல் 2016 பதிப்பில், அறிவுறுத்தல் அதைப் பயன்படுத்துபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. சென்னைப் புறநகரிலும் ஓசூரிலும் உள்ள உதிரிபாக ஆலைகளுக்கு இது சம்பிரதாய வரி அல்ல. பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக நிற்கும் லைனில், ஆங்கிலத் தாளுக்குக் கீழே தமிழ், அதற்குக் கீழே இந்தி என்று அடுக்குவார்கள். ஒடியா பேசுபவருக்கு இந்தி எழுத்து எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது தாளில் தெரியாது.

படத்துக்கு மாறினால் தீரும் என்பது இன்றைய பொதுவான பதில். பல இடங்களில் உதவவும் செய்கிறது: பாகத்தின் எந்தப் பக்கம் மேலே, லேபிள் எங்கே ஒட்ட வேண்டும் என்பவற்றைப் படம் நொடியில் சொல்லிவிடும். ஆனால் மேலே சொன்ன தண்டின் சூட்டைப் படம் பிடிக்க முடியாது. ஆறும்வரை காத்திரு என்பதை ஒரு கடிகாரப் படத்தால் சொல்லிவிடலாம். ஏன் என்பதற்கு ஒரு மொழியும் ஒரு ஆளும் வேண்டும்.

தீர்ந்தவை, தீராதவை

சில விஷயங்களில் ஓரளவு உடன்பாடு உருவாகியிருக்கிறது. விதிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த ஹேலும் டேவிட் போரிஸும் 2013-இல் காட்டியபடி, மேலிருந்து எழுதி மீறலைத் தண்டிக்கும் முறை ஒன்று, களத்தில் உருவாகிக் களத்திலேயே திருத்தப்படும் முறை மற்றொன்று. நடைமுறையில் இரண்டும் கலந்தே தேவைப்படுகின்றன. பேனாவைத் தளத்திடம் கொடுப்பது பெரும்பாலும் நல்லது. எல்லையைக் கடந்தால் உயிர் போகும் இடத்தில் அந்த எல்லையை மாற்றும் உரிமை மட்டும் வேறிடத்தில் இருந்தாக வேண்டும். எந்த வரி எந்த வகை என்று பிரிப்பதுதான் கடினம், அதற்குப் பொதுச் சூத்திரம் யாரும் தரவில்லை.

அளவு பற்றிய கேள்விக்கு அறுதியான பதில் இல்லை. ஐபிஎம்மில் ஜான் கரோல் 1980-களில் செய்த சோதனைகளில் மெலிந்த கையேடுகள் தடித்தவற்றைவிட நன்றாகக் கற்பித்தன. ஆனால் அவர் பார்த்தது கணினி கற்பவர்களை. அங்கே தவறு செய்து பார்த்துக் கற்க வழியுண்டு. பிரஸ் எந்திரத்தில் அந்த வசதி கிடையாது. டேப்லெட்டில் ஓடும் வீடியோ அறிவுறுத்தல்கள் திருத்தத்தை எளிதாக்கினவா, அல்லது ஒருமுறை எடுத்த வீடியோவை மீண்டும் எடுக்கச் சோம்பி முறையையே உறைய வைத்தனவா என்பதற்கும் இப்போதைக்குத் துணிந்து பதில் சொல்வது கடினம்.

மிகப் பெரிய இடைவெளி வேறிடத்தில் இருக்கிறது. டொயோட்டா விடை, ஃப்ரீமான்ட் விடை இரண்டுமே வேலையில் பல்லாண்டு நிலைக்கும் தொழிலாளியை முன்வைத்துப் பிறந்தவை. தன் அறிவுறுத்தலைத் தானே எழுத, அந்த வேலையை அலுக்கும்வரை செய்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்து சில மாதங்களில் ஊர் திரும்பிவிடும் ஒருவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், திருத்தப் படிவத்தில் அவர் பெயர் வர இடமிருக்காது. இந்த நிலையில் எழுத்து மறுபடியும் திட்ட அறைக்கே போகிறது. அதற்கு மாற்றாகச் செட்டர்கள், லைன் லீடர்கள் போன்ற நிலையான நடுப்படியினரை எழுத்தாளர்களாக்கலாமா, அவர்கள் எழுதுவது ஆபரேட்டரின் வேலையாக இருக்குமா அல்லது அதைப் பற்றிய அவர்களுடைய கற்பனையாக இருக்குமா என்பதை இந்தியச் சூழலில் இனித்தான் ஆராய வேண்டியிருக்கிறது.